ஆணி அடிக்க ஒரு சுவர்

மூன்று வருஷத்துக்கு மட்டும்தான் என்று சொல்லித்தான் அந்த ஷெட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சர்க்காருடைய மூன்று வருஷம் எவ்வளவு நீளம் என்பது தெரிந்திருந்தால் ராயம்மாள் அன்றைக்கு லாரியை விட்டே இறங்கியிருக்க மாட்டாள்.

அறுபத்தாறாம் வருஷம், ஆனி மாசம். காரிமங்கலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கொள்ளு விளைந்துகொண்டிருந்த மானாவாரிக் காட்டில் ஒரு காலேஜைத் திறந்திருந்தார்கள். பாடம் நடத்தக் கட்டடம் இருந்தது. படிக்க வந்த பையன்கள் படுக்க இடம் இல்லை. அந்தச் சமயத்தில் எங்கோ ஆற்றில் அணை கட்டி முடித்திருந்தார்கள். அங்கே ஓவர்சியர்களும் மேஸ்திரிகளும் தங்கியிருந்த ஷெட்டுகள் ஆள் இல்லாமல் நின்றன. யாரோ ஒரு புண்ணியவான் ஆபீசர் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார். அங்கே கழற்றி, லாரியில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டால் ஹாஸ்டல் தயார். காகிதத்தில் பார்க்க எவ்வளவு அழகாக இருந்திருக்கும்.

ஷெட் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. மரச்சட்டத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பதித்த பலகைகள். நாலடி அகலம், எட்டடி உயரம். பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் போல்ட். மேலேயும் ஷீட்தான். எந்தப் பலகை எங்கே நிற்க வேண்டும் என்று உள்பக்கம் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டிருக்கும். இடம் மாற்றி நிறுத்தினால் ஓட்டைக்கு ஓட்டை நேர் வராது, போல்ட் ஏறாது.

வந்து இறங்கிய அன்று அதுதான் நடந்தது. பாதி நம்பர்கள் அணைக்கட்டு மழையில் அழிந்திருந்தன. லாரிக்காரர்கள் மிச்சத்தையும் கலைத்துப் போட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்கள். எட்டு ஷெட்டுப் பலகையும் ஒரே குவியல். கான்ட்ராக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அணைக்கட்டிலிருந்து கூடவே வந்த ஃபிட்டர் சவுரியப்பனுக்கே குழப்பம்தான். அவன் பெண்சாதி ராயம்மாள்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குவியலைச் சுற்றி வந்தாள். அணைக்கட்டில் சித்தாளாக நின்று, ஏணிமேல் இருந்த புருஷனுக்கு ஒவ்வொரு போல்ட்டாக எடுத்துக் கொடுத்தவள் அவள். "இது மூணாம் ஷெட்டு, வடக்குச் சுவரு. ஓரத்துல ஒடிஞ்சிருக்குது பாருங்க, இது ஏழுல கதவு பக்கம்." ஒரு வாரத்தில் எட்டு ஷெட்டும் எழுந்து நின்றன. அந்த ஒரு வாரத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் சும்மா இருக்கத் தெரியாத ஜென்மங்கள் சில உண்டு. அவள் அதில் ஒருத்தி.

சவுரியப்பனுக்கு அங்கேயே வேலை போட்டுக் கொடுத்தார்கள். "மேற்படி ஷெட்டுகளைப் பராமரிக்க, மேற்படி ஷெட்டுகள் இருக்கும் வரை" என்று ஆர்டரில் இருந்தது. குடியிருக்க எட்டாம் ஷெட்டின் கடைசி அறை. அவர்களுக்குப் பிள்ளைகள் இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. ஆகவே அந்த அறை போதும். ஷீட்டை ரம்பத்தால் அறுத்து அறுத்து வெள்ளைத் தூசியில் குளித்துக்கொண்டிருந்த சவுரியப்பன், மூன்றாம் வருஷம் இரும ஆரம்பித்தான். டவுன் டாக்டர் காசம் என்றார். அவன் போய்ச் சேர்ந்ததும் அதே ஆர்டரில் அவன் பேரை அடித்து அவள் பேரை எழுதினார்கள். பலகை கணக்குத் தெரிந்த வேறு ஆள் இல்லை. வருஷா வருஷம் ஆர்டர் புதுசாக வரும். அந்த ஒரு வரி மட்டும் மாறாது. மேற்படி ஷெட்டுகள் இருக்கும் வரை.

அந்த ஷெட்டுகளில் இருக்கிற சுகத்தைச் சொல்லி மாளாது. சித்திரை வெயிலில் உள்ளே கால் வைத்தால் சோளம் பொரிந்துவிடும். பையன்கள் பாயைத் தூக்கிக்கொண்டு புளியமரத்துக்கு ஓடுவார்கள். மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவது காதில் விழாது. ஒரு அறையில் ஒருத்தன் இருமினால் நாலாவது அறையில் ஒருத்தன் "தண்ணி குடிடா" என்பான். ஆடிக் காற்று வந்துவிட்டால் மொத்த ஷெட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடும், போல்ட்டுகள் தளரும். ராயம்மாள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து எட்டு வரை சுற்றி வருவாள். முடித்துவிட்டு உட்காரும்போது ஒன்றாம் ஷெட் மறுபடி தளர்ந்திருக்கும். வெடித்த இடத்தில் சிமெண்டுப் பாலில் நனைத்த கோணியை ஒட்டுவாள். அது காய்வதற்குள் அடுத்தது வெடிக்கும். வருஷம் ஓடியதே தெரியவில்லை என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு ஒவ்வொரு வருஷமும் தெரிந்தது, முழங்கையில் தெரிந்தது, இடுப்பில் தெரிந்தது. முதலில் வந்த பையன்கள் அக்கா என்றார்கள். பிறகு வந்தவர்களில் பாதிப்பேர் ஆயா என்றார்கள்.

எல்லாவற்றையும்விட அவளைப் படுத்தியது ஆணி. மரச்சட்டத்தை மூடி ஷீட் இருந்தது, ஷீட்டில் ஆணி அடிக்க முடியாது. அடித்தால் அந்த இடத்திலிருந்து விரிசல் ஓடி, பலகையே போய்விடும். பையன்களுக்கோ வந்து இறங்கியதும் ஆணி அடித்தாக வேண்டும். சட்டை மாட்ட, காலண்டர் மாட்ட. சுத்தியல் சத்தம் கேட்டால் போதும், பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவாள். "டேய் எவன்டா அது, இது என்னா உங்க வூட்டுச் சுவரா, ஒன்னு அடிச்சா எனக்கு ஒரு வார வேலைடா" என்று அவள் கத்துவது காலேஜ் ஆபீஸ் வரைக்கும் கேட்கும்.

ஊரைத் திட்டினாலும் அவளுக்கும் ஒரு ஆணி வேண்டியிருந்தது. கல்யாணமான வருஷம் கோயில் திருவிழாவில் சவுரியப்பன் வாங்கிக் கொடுத்த மாதா படம், கண்ணாடி போட்டது. அணைக்கட்டிலும் சரி, இங்கேயும் சரி, அதை மாட்ட இடம் இல்லை. தகரப் பெட்டிமேல் நிறுத்திச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். காற்றடித்தால் மாதா முகம் குப்புற விழுவாள். மூன்று தடவை கண்ணாடி போட்டாயிற்று. நல்ல செங்கல் சுவர், அதில் ஒரு ஆணி, அதில் அந்தப் படம். கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியாத ஒரு வூடு. அவ்வளவுதான் அவள் கேட்டது. யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதும் இல்லை.

எழுபத்தாறில் அது நடக்கும்போல இருந்தது. வார்டன் மாதேஸ்வரன் தாவரவியல் வாத்தியார். பக்கத்துக் கிராமத்தில் காடு தோட்டம் உள்ள குடும்பம், குரல் உயர்த்தாத மனுஷர். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு மேஜைமேல் ஒரு நீலத்தாளை விரித்தார். புது ஹாஸ்டலின் பிளான். மாடி வைத்தது.

"இந்தா பாரு ராயம்மா, கேட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம் போட்டிருக்காங்க. காவலுக்கும் ரிப்பேர் வேலைக்கும் இருக்கிற ஆளுக்கு. உன்னைத்தான் நெனச்சு வச்சிருக்கிறேன்."

"செங்கல் சுவருங்களா சார்?"

"செங்கல்லுதான். அடியில கருங்கல்லு."

"ஆணி அடிக்கலாங்களா?"

மாதேஸ்வரன் சிரித்துவிட்டார். "எத்தனை வேணும்னாலும் அடிச்சுக்கம்மா. ஆனா அதுக்கு முன்னாடி பெரிய இன்ஜினீயர் வந்து ஷெட்டைப் பாக்கணும். இது இனி ஆவாதுன்னு அவரு எழுதிட்டா நம்ம வேலை சுலபம். வர்ற புதன்கிழமை வராரு."

புதன்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. செய்தி ஷெட் முழுக்கப் பரவியது. மூன்றாம் வருஷப் பையன் சென்னப்பன், எல்லோருக்கும் பரிந்து பேசுகிறவன், அவளைத் தேடி வந்தான்.

"யக்கா, இந்த ஒரு தடவை கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருங்க. அவரு வந்து ஓட்டையப் பாக்கட்டும். போல்ட்டு ஆடறதப் பாக்கட்டும்."

"நான் ஏன்டா செய்யப்போறேன். எனக்கு மட்டும் இது என்னா மாளிகையா?" என்றாள் ராயம்மாள். மனசாரத்தான் சொன்னாள்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஸ்பேனரைத் தொடவில்லை. கை நமநமவென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டுத் திரும்பியபோதுதான் சனியன் பிடித்தது. ரோட்டிலிருந்து நடந்து வரும்போது முன்வரிசை ஷெட் கண்ணில் பட்டது. எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து பிசுக்கேறிய சுவர், மழைத்தண்ணீர் வழிந்த கோடு, யாரோ கரியால் எழுதிய ஒரு சினிமா நடிகை பேர். அவள் பிறந்த ஊரில் மேற்றிராணியார், அதாவது பிஷப், வருகிறார் என்றால் ஒரு மாசம் முன்பே சுண்ணாம்பு வாங்கிவிடுவார்கள். கஞ்சிக்கு இல்லாத வூடுகூட வெள்ளை அடித்துத்தான் நிற்கும். அடிக்காத வூட்டுக்காரியைச் செத்தாலும் பேசுவார்கள். பெரிய மனுஷர் ஒருத்தர் வாசலுக்கு வரும்போது அழுக்குச் சுவரோடு நிற்பது என்பது அவள் ரத்தத்திலேயே கிடையாது. அதுவும் இது யார் வேலை? சவுரியப்பன் மாட்டிய சுவர். இது உதவாது என்று ஒருத்தர் எழுதிவிட்டுப் போவார், அவள் கேட்டுக்கொண்டு நிற்பாளா?

முன்வரிசை மட்டும் என்று நினைத்துத்தான் சுண்ணாம்பு கரைத்தாள். மெஸ்ஸில் சமைக்கிற தீர்த்தம்மாள் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னாடி பண்ற நீ?"

"மூஞ்சி மட்டும் கழுவி விடறேன். உள்ள எல்லாம் அப்புடியேதான் இருக்கும்."

"வேணாம் ராயி. புது வூடு வேணும்னு சொன்னவ நீதான்."

"வூடு வேணும். அதுக்காக நாறிப்போயா நிப்பாங்க?"

வெள்ளையில் இருக்கிற வம்பு என்னவென்றால், ஒரு சுவரை அடித்தால் பக்கத்துச் சுவர் பல்லை இளிக்கும். முதல் ஷெட்டை முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். இரண்டாம் ஷெட் குஷ்டம் பிடித்ததுபோல் தெரிந்தது. இரண்டை அடித்தாள், மூன்று தெரிந்தது. திங்கள் சாயந்திரம் எட்டும் வெளுத்துவிட்டன. வெள்ளை அடித்த சுவரில் வெடிப்பு கறுப்பாகத் துருத்திக்கொண்டு நிற்குமே, அதையும் அடைத்தாள். அடைத்த சுவர் ஆடினால் அடைப்பு விழுந்துவிடுமே, செவ்வாய்க்கிழமை முழுக்கப் போல்ட் முடுக்கினாள். சென்னப்பன் வகுப்பு விட்டு வந்து பார்த்தான். புத்தகத்தைத் தலைக்கு வைத்து மரத்தடியில் படுத்துக்கொண்டான்.

புதன்கிழமை இன்ஜினீயர் வந்தார். வயசானவர், வேலை தெரிந்தவர். குடைக்கம்பால் சுவரைத் தட்டினார். கையால் போல்ட்டைப் பிடித்து அசைத்தார், அசையவில்லை. ஒவ்வொரு ஷெட்டாகப் பார்த்து எட்டாவதுக்கு வரும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது.

"பத்து வருஷம் ஆச்சுங்கறீங்க, நம்ப முடியலையே. யாரு பராமரிக்கிறது?"

மாதேஸ்வரன் தரையைப் பார்த்தார். ராயம்மாள் சுண்ணாம்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தானுங்க. எங்க வூட்டுக்காரரு மாட்டினதுங்க."

"பேரு?"

"ராயம்மாளுங்க."

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து அவள் பேரையே எழுதிக்கொண்டார். பத்து வருஷத்தில் அவள் வேலையைப் பார்த்து நல்லது என்று ஒருத்தர் சொன்னது அன்றைக்குத்தான். பொய் சொல்வானேன், அன்று சாயந்திரம் வரைக்கும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வார்டன் மட்டும் அவளிடம் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பையன்கள் கரித்துக் கொட்டினார்கள்.

ஆனால் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை. ஆறு மாசத்தில் புதுக் கட்டடத்துக்கு உத்தரவு வந்தது. படிக்கிற பையன்கள் கூடிவிட்டார்கள், ஷெட் நன்றாக இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன, இடம் பற்றாது என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். "பாத்தியா, நான் வெள்ளை அடிச்சதுல என்னா கெட்டுப்போச்சு?" என்று தீர்த்தம்மாளிடம் கேட்டாள். தீர்த்தம்மாளும் ஒப்புக்கொண்டாள்.

அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து ராயம்மாள் அந்தக் கட்டடத்தைச் சுற்றி வந்தாள். கேட்டுப் பக்கத்து அறைக்குச் சுவர் எழும்பியதும், அதற்குத் தண்ணீர் ஊற்றுவதை யாரும் சொல்லாமலே தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். எழுபத்தேழு கோடையில் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. இருபது முழம் இறைத்து, குடத்தைச் சுமந்து, காலையும் மாலையும் அந்த நாலு சுவருக்கு ஊற்றினாள். தண்ணீர் குடித்தால்தான் சுவர் இறுகும். இடுப்பு விட்டுப்போயிற்று. ராத்திரி படுத்தால் காலை எழ முடியாது. இருந்தாலும் எழுந்தாள். பதினோரு வருஷம் ஊராருக்கு மாரடித்தாயிற்று, இது ஒன்று தனக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

எழுபத்தெட்டு தை மாசம் பூச்சு காய்ந்தது. கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து, "இனி யானை மோதினாலும் தாங்கும்" என்றார். ராயம்மாள் அன்றைக்கே மூன்று அங்குல ஆணி ஒன்று வாங்கிவந்து கிழக்குச் சுவரில் அடித்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான் முதல் அடி அடித்தாள். சுவர் வெடிக்கவில்லை. படத்தை மாட்டிவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சாவி இன்னும் கைக்கு வரவில்லை, வேலையாட்கள் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

பதினோராம் நாள் மாதேஸ்வரன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். கையில் காகிதம் இருந்தது. அவளை உட்காரச் சொன்னார். அதுவே சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. அதுவரை அவர் அறையில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"மொரப்பூர் பக்கம் புதுசா ஒரு காலேஜ் ஆரம்பிக்கிறாங்கம்மா. அங்க ஹாஸ்டல் இல்ல. நம்ம ஷெட்டைக் கழட்டி அங்க கொண்டுபோகச் சொல்லி உத்தரவு வந்திருக்குது."

"கொண்டுபோகட்டுங்க சார். சனியன் தொலையட்டும். நானே கழட்டிக் குடுக்கறேன்."

"உன்னையும் சேத்துத்தான் எழுதியிருக்காங்க."

அவளுக்குப் புரியவில்லை. அவர் படித்துக் காட்டினார். மேற்படி ஷெட்டுகள் மிக நல்ல நிலையில் இருப்பதால் ஏலம் விடாமல் இடம் மாற்ற வேண்டும். மேற்படி ஷெட்டுகளோடு சேர்ந்த பணியாளும் உடன் அனுப்பப்பட வேண்டும். கீழே இன்ஜினீயரின் பழைய குறிப்பையும் சேர்த்திருந்தார்கள்: ராயம்மாள் என்ற இந்த அம்மாள் இல்லாமல் கழற்றினால் திரும்ப மாட்டுவது கடினம்.

"அப்ப அந்த ரூமு?"

"அதுக்குப் புது ஆள் போடறாங்கம்மா. நானும் ரெண்டு தடவை எழுதிப் பாத்துட்டேன். உன் வேலை ஷெட்டோட ஒட்டின வேலைங்கறாங்க."

ராயம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "அன்னிக்கு நான் வெள்ளை அடிக்காம இருந்திருந்தா சார்?"

மாதேஸ்வரன் பொய் சொல்லத் தெரியாதவர். "உதவாதுன்னு எழுதியிருப்பாரு. ஷெட்டை ஏலத்துல தள்ளிட்டு உன்னை இங்கயே சேத்துக்கிட்டிருப்பாங்க" என்றார்.

யாரைத் திட்டுவது? நல்லபடியாக எழுதின இன்ஜினீயரையா, தன்னையேவா? வேலையை விட்டுவிடலாம் என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தாள். விட்டுவிட்டு எங்கே போவது? பிறந்த ஊரில் யாரும் இல்லை. நாற்பத்து நாலு வயசில் மறுபடி சித்தாள் வேலைக்கு இடுப்பு ஒத்துவராது.

மாசிக் கடைசியில் அவளே முன்னால் நின்று எட்டு ஷெட்டையும் கழற்றினாள். எடுத்த போல்ட்டுகளை ஷெட்வாரியாகக் கோணிப்பையில் கட்டினாள். லாரி கிளம்புமுன் கேட்டுப் பக்கத்து அறைக்குப் போய்ப் படத்தை இறக்கினாள். ஆணியை விட மனசு வரவில்லை. ஆட்டி ஆட்டிப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பூச்சில் ஒரு ஓட்டை நின்றது. தீர்த்தம்மாள் ஒரு தூக்குச் சட்டியில் புளிச்சோறு கொடுத்துவிட்டு அழுதாள். ராயம்மாளுக்கு அழுகை வரவில்லை. அசதியாக மட்டும் இருந்தது.

மொரப்பூர்ப் பக்கத்து இடமும் ஒரு கொள்ளுக்காடுதான். ஒரு வாரத்தில் எட்டு ஷெட்டும் எழுந்து நின்றன. அங்கே இருந்த வார்டன் சின்ன வயசுக்காரர். சுற்றிப் பார்த்துவிட்டுத் தைரியம் சொன்னார்: "கவலைப்படாதீங்கம்மா, மூணு வருஷத்துக்குத்தான்." ராயம்மாள் தலையாட்டினாள்.

பிறகு எட்டாம் ஷெட்டின் கடைசி அறைக்குப் போனாள். தகரப் பெட்டியை ஓரமாகத் தள்ளினாள். முந்தானையை அவிழ்த்து ஆணியை எடுத்து, சுவரில் தலை உயரத்துக்கு வைத்து, சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். ஷீட் படீரென்று சத்தம் போட்டது. ஆணியிலிருந்து ஒரு விரிசல் கிளம்பிக் கூரை வரைக்கும் ஓடியது. இன்னொன்று கீழே தரைக்கு வந்தது. இன்னும் இரண்டு அடி அடித்தாள். ஆணி பின்னாலிருந்த சட்டத்தில் ஏறி நின்றது. மாதா படத்தை மாட்டினாள், கொஞ்சம் சாய்வாகத்தான் தொங்கியது. சத்தம் கேட்டு வார்டன் ஓடிவந்து வாசலில் நின்றார்.

"என்னம்மா, சுவரு போயிடுச்சே. ஒட்டணுமே இதை?"

"ஒட்ட மாட்டேனுங்க சார்" என்றாள் ராயம்மாள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள்.